யாரும் போடாத சட்டை

அந்தக் கட்டிடத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. டெய்லரக்காவின் கடைக்குப் போனால் போதும். கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த அறைதான் கடை. அதன் பின்சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எல்லா வீட்டுக்காரர்களும் துணி காயப்போடுகிற முற்றம். தையல் மெஷினை அந்த ஜன்னலோரமாகப் போட்டிருந்தாள். வெளிச்சத்துக்காக என்று சொல்வாள். தெருப்பக்கமும் வெளிச்சம் நன்றாகவே வந்தது.

கொடியில் தொங்குகிற துணியை வைத்து ஆளைச் சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. முதல் மாடி நர்ஸ் மாசமாக இருப்பதை, யூனிபார்மின் பக்கத் தையல் பிரித்துவிடப்பட்டிருந்ததை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் மாடி வாத்தியார் குடியை விட்டதும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அவர் பேன்ட் முழங்காலில் சாக்கடைக் கறை வருவது நின்றுபோயிருந்தது. கெட்டவள் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஓடிப் போகிறவள் அவள்தான். ஆனால் ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. அவ்வளவுதான் அவள் வியாதி.

மூன்றாம் மாடிக்கு ஒரு பெண்ணும் அவள் மகளும் குடிவந்தபோது அந்த வியாதி முற்றியது.

வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்கிற வயது. மேஜையும் இல்லை, கட்டிலும் இல்லை. சாமான் என்று இரண்டு பையைத்தான் டெய்லரக்கா பார்த்தாள். புருஷனுக்கு ஷிப்ட் வேலை, வந்து போவது தெரியாது என்று கட்டிடத்துக்காரரிடம் அந்தப் பெண் சொல்லியிருந்தாளாம். குடிவந்த அன்றே ஆசாரி ஒருவர் வந்து அந்தக் கதவுக்கு உள்பக்கம் இரும்புச் சங்கிலி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். கட்டிடத்தின் தெருக்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், குடியிருப்பவர்களைத் தவிர யாரிடமும் சாவி கிடையாது. அதற்கு மேலும் ஒரு சங்கிலி எதற்கு?

டெய்லரக்கா கேட்கப் போனாள். கடைக்குள்ளிருந்தே மாடிப்படிக்குப் போக அவளுக்கென்று ஒரு உள்கதவு இருந்தது. அதன் வழியாக ஏறிப் போய்த் தட்டினாள். சங்கிலி இழுபடுகிற அளவுக்குக் கதவு திறந்தது. இடைவெளியில் ஒரு கண்ணும் பாதி வாயும் தெரிந்தன.

"உங்க வீட்டுல தண்ணி வருதாம்மா?"

"வருதுங்க."

"இல்ல, சில சமயம் மேல ஏறாது. அதான் கேட்டேன்."

"வருதுங்க. தேங்க்ஸ்."

கதவு மூடிக்கொண்டது. அடுத்த வாரம் கொடியிலிருந்து விழுந்த ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அது தன்னுடையது இல்லை என்று அந்தப் பாதி வாய் சொன்னது. அதன் பிறகு கரண்ட் இருக்கிறதா என்று கேட்கப் போனாள், எலி வருகிறதா என்று கேட்கப் போனாள், குழந்தைக்கு மீந்த துணியில் ஒரு கவுன் தைத்துத் தரட்டுமா என்று கேட்கப் போனாள். ஒவ்வொரு தடவையும் சங்கிலிதான் பதில் சொன்னது. டெய்லரக்காவுக்குக் கோபம் வந்தது. மனுஷி என்று மதித்து வந்தால் திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாளே என்று உள்ளுக்குள் பொருமினாள். அந்தப் பெண்ணுக்குச் 'சங்கிலி' என்று பட்டப்பெயர் வைத்தாள். ஒரு வாரத்தில் கட்டிடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது.

கதவு திறக்காவிட்டால் என்ன, கொடி இருக்கிறதே.

சங்கிலியின் துணிகள் முற்றத்தின் கோடியில் தொங்கும். குழந்தையின் கவுன்கள், அவளுடைய துணிகள், அவற்றுக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஆண்கள் சட்டை இரண்டு. ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று கட்டம் போட்டது. முற்றம் காலியாக இருந்த ஒரு மதியம் டெய்லரக்கா போய் அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். காலரைத் திருப்பினாள். வியர்வைக் கோடு இல்லை. கைமுனையில் தேய்மானம் இல்லை. பட்டன் துளைகள் ஒரு தடவைகூடப் பட்டன் நுழையாத விறைப்பில் இருந்தன. முழங்கைப் பக்கம் துணி கொஞ்சமும் தளரவில்லை. அழுக்கே படாத சட்டையை ஒருத்தி வாரம் தவறாமல் துவைத்துக் காயப்போடுகிறாள்.

பக்கத்தில் தொங்கிய குழந்தையின் கவுனையும் விடவில்லை. அதில் பட்டன்கள் கையால் தைக்கப்பட்டிருந்தன. நாலு துளை பட்டனில் எல்லோரும் நூலைக் குறுக்காகவோ நேராகவோதான் ஓட்டுவார்கள். இதில் ஒரே துளையிலிருந்து மற்ற மூன்றுக்கும் நூல் பிரிந்து போயிருந்தது, கோழிக்கால் மாதிரி. இத்தனை வருஷத்தில் இப்படித் தைக்கிற கையை அவள் பார்த்ததில்லை. பலே கைதான், ஆனால் யாரிடம் கற்றுக்கொண்டாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கணவர் டூட்டி முடிந்து வந்தார். அவர் பஸ் டிரைவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மேல புருஷனே இல்லீங்க. சட்டைதான் இருக்கு."

அவர் முகம் கழுவிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாரும் போடாத சட்டையைக் காயப்போட்டா உனக்கென்ன? காயட்டுமே."

"எதுக்குன்னு தெரிய வேண்டாமா?"

"வேண்டாம். வீட்டுல ஆம்பளை இருக்கிற மாதிரி காட்டணும்னு ஒரு பொண்ணு நினைக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நல்ல காரணமா இருக்காது. இங்க பாரு, பின்னாடி உக்காந்திருக்கிறவங்க என்ன பேசுறாங்கன்னு நான் திரும்பித் திரும்பிப் பார்த்தா பஸ் எங்க போய் நிக்கும்?"

"உங்களுக்கு எல்லாமே பஸ்ஸுதான்."

"பஸ்ஸுன்னதும் ஞாபகம் வருது. நம்ம எதிர் ஸ்டாப்புல ஒருத்தன் நிக்கிறான். நானும் பார்க்கிறேன், எந்த பஸ்லயும் ஏற மாட்டேங்கிறான்."

"பார்த்தீங்களா, நீங்க மட்டும் ஊரானைப் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா?"

"ஸ்டாப்புல நிக்கிறவனைப் பார்க்கிறது என் வேலைடி. அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க." சிரித்தவர், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அந்தச் சட்டை விஷயத்தை இந்தக் கட்டிடத்துல ஒரு ஆள்கிட்டயும் சொல்லாத. எனக்கு வாக்கு குடு."

கொடுத்தாள். காப்பாற்றவும் செய்தாள். நர்ஸ் வந்து உட்கார்ந்து "மேல அந்தச் சங்கிலியோட புருஷனை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டபோது உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசிக்கு நூல் கோத்தாள். ஒரு பெரிய விஷயத்தைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருப்பது, தும்மலை அடக்குவது போல அவளுக்கு உடம்பெல்லாம் வேதனையாக இருந்தது.

அந்த வேதனையோடு அவள் உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான் அவன் கடைக்கு வந்தான்.

நல்ல உயரம். தலை படிய வாரியிருந்தான். கதவருகிலேயே நின்று, "உள்ள வரலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தான். இவ்வளவு மரியாதை தெரிந்த வாடிக்கையாளர் அவளுக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று. கையில் ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தான். அதில் ஒரு பட்டன் போயிருந்தது.

"அவசரமில்லீங்க. நீங்க கைவேலையை முடிச்சிட்டே பாருங்க," என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து பின் ஜன்னல் நேராகத் தெரிந்தது.

அவள் மெஷினில் கிடந்த துணியை ஓட்டி முடித்தாள். பிறகு அவன், "நீங்க துணியைத் தொடுறதே தனியா இருக்குங்க. தொட்டதும் ஆளையே சொல்லிடுவீங்க போல," என்றான்.

அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "சொல்லிடுவேன் தம்பி. காலரைப் பார்த்தா வேலை என்னன்னு சொல்லுவேன். கைமுனையைப் பார்த்தா குணம் என்னன்னு சொல்லுவேன்."

"அப்படியா? அதோ தெரியுதே, அந்தப் பச்சைச் சட்டை?"

"அது எங்க வாத்தியார். தோள்ல சாக்பீஸ் தூசி போகவே போகாது."

அவன் சிரித்தான். சின்னக் குழந்தையோடு விளையாடுவது போல இன்னும் இரண்டு துணிகளைக் காட்டிக் கேட்டான். அவளும் சளைக்காமல் சொன்னாள். அப்புறம் கோடியில் தொங்கிய கவுன்களைப் பார்த்தான். பார்த்த பார்வையை எடுக்காமலே, "அந்தக் கோடில ஒரு சாம்பல் சட்டை தொங்குதே, அதைப் போடுறவர் எப்படிப்பட்டவருங்க?" என்று கேட்டான்.

கட்டிடத்தில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தாள்? இவன் கட்டிடத்து ஆள் இல்லையே. வழியில் போகிறவன். பட்டனைத் தைத்துக்கொண்டு போனால் இந்தப் பக்கமே வரப் போவதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுகிற நேரத்தில் நுணலுக்கு அது பாட்டாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

"அதுக்கு ஆளே கிடையாது தம்பி," என்றாள் டெய்லரக்கா. "அது யாரும் போடாத சட்டை. சும்மா காயப்போடுறது. அந்த வீட்டுல ஆம்பளையே இல்ல."

அவன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. வெகுநாளாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவன் மாதிரி அவன் தோள் தளர்ந்தது.

"நான் வேற என்னமோ நினைச்சிட்டேன்," என்றான். எழுந்துகொண்டான். "நீங்க தெச்சு வைங்கக்கா. கொஞ்ச நேரத்துல வந்து வாங்கிக்கிறேன்."

அவன் போன பிறகு அவள் வெள்ளைச் சட்டையை மடியில் விரித்துப் போட்டாள். மனசு லேசாக இருந்தது. அடக்கிய தும்மலைத் தும்மியாயிற்று. போன பட்டனுக்குப் பொருத்தமாக ஒன்றை டப்பாவில் தேடி எடுத்து, மற்ற பட்டன்களைப் போலவே தைக்க வேண்டும் என்று மேல் பட்டனைத் திருப்பிப் பார்த்தாள்.

ஒரே துளையிலிருந்து மூன்று நூல் பிரிந்து போயிருந்தது.

அடுத்த பட்டனைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். எல்லாம் கோழிக்கால். இந்தச் சட்டைக்குப் பட்டன் தைத்த கை எது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கை இரண்டு பையையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு எதற்காக ஓடி வந்தது, கதவுக்குச் சங்கிலி எதற்கு, சட்டை எதற்கு என்று, இத்தனை நாள் சோறு இறங்காமல் தேடியதெல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. துணைக்கு ஒரு ஆம்பளை இருப்பானோ என்று பயந்துதான் அவன் இத்தனை நாள் ஸ்டாப்பில் நின்றிருக்கிறான். இனி அவனுக்கு அந்தப் பயம் இல்லை.

தெருவை எட்டிப் பார்த்தாள். எதிர் ஸ்டாப்பில் யாரும் இல்லை. ஒரு பஸ் அப்போதுதான் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏறியிருப்பான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆனாலும் சொல்லியாக வேண்டும், உடனே சொல்லியாக வேண்டும். கடையை அப்படியே போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை கையோடு வர, உள்கதவைத் திறந்துகொண்டு படியேறினாள். மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடிக்கு வந்து கதவை உள்ளங்கையால் அடித்தாள்.

உள்ளே காலடி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

"நான்தாம்மா, கீழ்வீட்டு டெய்லர்."

"தண்ணி வருதுங்க," என்றது உள்ளிருந்து குரல்.

"ஐயோ, அதுக்கு வரலைம்மா. திற. கொஞ்சம் பேசணும்."

"நான் வேலையா இருக்கேன். அப்புறமா வாங்க."

"அப்புறம்னா நேரமில்லம்மா."

தண்ணி, கைக்குட்டை, கரண்ட், எலி என்று எத்தனை தடவை இந்தக் கதவைத் தட்டியிருக்கிறாள். இப்போது சாவே வந்து நிற்கிறது என்று சொன்னாலும் அதுவும் ஒரு சாக்காகத்தான் அந்தப் பெண்ணுக்குக் கேட்கும். டெய்லரக்காவுக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. குரலை அடக்கத் தோன்றவில்லை. படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கக் கத்தினாள்.

"உன்னை மாதிரியே பட்டன் தெச்ச ஒரு வெள்ளைச் சட்டை என் கையில இருக்கு. ஒரு ஆள் கொண்டுவந்து குடுத்தாரு. நல்ல உசரம். தலையைப் படிய வாரியிருக்காரு."

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அவள் சட்டையை இடைவெளியில் நீட்டினாள். உள்ளிருந்த கண் அதைப் பார்த்தது. அந்தக் கண்ணை டெய்லரக்கா இத்தனை மாதம் பார்த்திருக்கிறாள், அது இப்படி விரிந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எங்க இருக்காரு?" குரல் காற்றாக வந்தது.

"போயிட்டாரு. பஸ் ஏறிட்டாருன்னு நினைக்கிறேன். திரும்பி வர்றேன்னு சொல்லியிருக்காரு. எந்த வீடுன்னு நான் சொல்லலம்மா, சத்தியமா சொல்லல. புள்ளையைக் கூட்டிக்கிட்டு உடனே வா. முற்றத்துக்குப் பின்னாடி ஒரு சின்னக் கதவு இருக்கு, என்கிட்ட சாவி இருக்கு. என் வீட்டுக்காரர் பஸ்லயே ஏத்தி அனுப்புறேன். என்னை நம்பு."

அந்தப் பெண் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும் என்கிற பார்வை அது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. சங்கிலி கழலுகிற சத்தம் கேட்டது. கதவு விரியத் திறந்தது.

அப்படித் திறந்து டெய்லரக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் குழந்தையைக் கூப்பிட உள்ளே திரும்பினாள். டெய்லரக்காவின் கண் அவளைத் தாண்டி உள்ளே போனது. போகாதே என்றால் கேட்கிற கண்ணா அது? சுவரோரம் சுருட்டி வைத்த ஒரே ஒரு படுக்கை. ஜன்னலில் ஒட்டிய பழைய பேப்பர். தரையில் கலர் பென்சில்கள். கதவுக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி, ஜிப் போட்டுத் தயாராக அந்த இரண்டு பைகள். இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இதைப் பார்க்கத்தானா இத்தனை பாடு என்று தோன்றியது. பாவம், பாவம் என்று மனசு அடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதனால் படியில் ஏறிவந்த காலடி அவள் காதில் விழவில்லை.

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த பெண் பாதியில் நின்றாள். அவள் பார்வை டெய்லரக்காவின் தோளுக்குப் பின்னால் நிலைகுத்தி நின்றது.

"கடையில யாரும் இல்லக்கா," என்றது அந்த மரியாதையான குரல். "உள்கதவு திறந்திருந்துச்சு. உங்க சத்தம் கேட்டுச்சு, அதான் மேல வந்தேன். எந்த வீடுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள் நின்னேன்."

"அப்பா," என்றது குழந்தை. சந்தோஷமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலச் சொன்னது.

டெய்லரக்கா குறுக்கே வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். "மூடு, மூடும்மா," என்றாள். அந்தப் பெண் கதவை எட்டுவதற்குள் அவன் கை அதன் மேல் இருந்தது. டெய்லரக்காவின் கையிலிருந்த சட்டையை அவன் மெதுவாக வாங்கிக்கொண்டான். அவளைத் தள்ளவில்லை, தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான், அவ்வளவுதான். அந்தப் பிடியில் அவள் எலும்பு வலித்தது.

"நீங்க போங்கக்கா," என்றான். "இது எங்க வீட்டு விஷயம். மத்தவங்க வீட்டு விஷயத்துல தலையிடறது நல்லாவா இருக்கு?"

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். டெய்லரக்கா இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள், தோளால் இடித்தாள், வாத்தியாரைக் கூப்பிட்டாள், நர்ஸைக் கூப்பிட்டாள், எல்லோரையும் கூப்பிட்டாள். கீழே ஒவ்வொரு கதவாகத் திறந்து என்ன என்னவென்று தலைகள் எட்டிப் பார்த்தன. இங்கே கதவுக்கு அந்தப் பக்கம், சங்கிலியை மாட்டுகிற சத்தம் கேட்டது.